கடைசிப் பக்கக் கையெழுத்து

போன சனிக்கிழமை துன் நகரத்தில் பழைய சாமான்கள் விற்கிற கடை ஒன்றுக்குப் போயிருந்தேன். கோயில் அன்னதானத்துக்குப் பயறு அவிக்க ஒரு பெரிய சட்டி வேண்டுமென்று மனைவி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தா. சட்டி அகப்படவில்லை. ஆனால் மூலை மேசையில் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டச்சு மெசின் இருந்தது. மூடியைத் திறந்து, குனிந்து மணந்து பார்த்தேன். சிரியாதையுங்கோ. விற்கிற பெண்பிள்ளையும் சிரித்ததுதான். மை நாடாவும் எண்ணெயும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறினதும் நான் கடையில் இல்லை. எண்பதுகளின் நடுவில் இருந்தேன்.

அப்போது நான் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்த எங்களுக்கு ஒரு பழைய மரவீட்டின் மேல்மாடியை ஒதுக்கியிருந்தார்கள். ஓர் அறைக்கு மூன்று பேர். என் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் பிள்ளையார் படம் ஒட்டியிருந்தேன். திருநீற்றைப் பிலிம்ரோல் டப்பிக்குள் போட்டு வைத்திருந்தேன். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். கடிதம் ஒன்று வர ஒரு மாதம் எடுக்கும். வந்த கடிதத்தை அடுத்தது வரும்வரை வாசிப்பேன்.

அறையில் மற்ற இருவரில் ஒருவன் யோகன், என் வயதுக்காரன், வாய் ஓயாத பகிடிக்காரன். மற்றவர் கணேசலிங்கம் அண்ணை. ஊரில் பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். கிணற்றுத் தண்ணீர் எப்படி உவராகிறது, நிலத்துக்கு அடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் கடல் எந்த வழியாக உள்ளே வருகிறது என்று ஆறு வருடம் கிணறு கிணறாகப் போய் அளந்தவர். ஆராய்ச்சி பாதியில் நிற்க, உயிர் தப்பி வந்து, எங்கள் ஹோட்டல் குசினியில் கரட் சீவிக்கொண்டிருந்தார். சீவும்போதும் ஏதோ கணக்குப் பார்ப்பவர்போல முகத்தை வைத்திருப்பார்.

“புரொபெசர், இண்டைக்கு வெங்காயத்திலையோ ஆராய்ச்சி? கண்ணிலையிருந்து வாறதும் உப்புத் தண்ணிதானே!” என்பான் யோகன்.

“ஓமடா, இதுக்கும் ஒரு கட்டுரை எழுதலாம்” என்பார் அண்ணை. கோபிக்கவே மாட்டார்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை, ஐரோப்பாவில் எங்காவது ஒரு புலமைப்பரிசில் எடுத்து அந்த ஆராய்ச்சியை முடிப்பது. அநேகமான இடங்களில் முப்பத்தைந்து வயதுக்கு மேல் கொடுக்கமாட்டார்களாம். அண்ணைக்கு அப்போது முப்பத்துநாலு.

ஹோட்டலில் மத்தியானச் சாப்பாடு முடிந்தபிறகு, இரவுச் சாப்பாட்டு வேலை தொடங்கும்வரை எங்களை விட்டுவிடுவார்கள். ‘சிம்மர்ஸ்டுண்டே’ என்பார்கள். மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். அண்ணையும் நானும் நகர நூலகத்துக்குப் போவோம். அங்கே தலையணை மொத்தத்தில் ஒரு புத்தகம். இந்த நாட்டில் உதவி செய்கிற அறக்கட்டளைகள் எல்லாவற்றின் விலாசங்களும் அதில். வெளியே கொடுக்கமாட்டார்கள். இருந்த இடத்திலேயே பார்த்து எழுத வேண்டும். அண்ணை மற்ற நாடுகளின் பட்டியல்களைப் பார்க்க, நான் இதைப் பிரதிபண்ணினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு சொல்லும் விளங்காது. சித்திரம் கீறுவதுபோல எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கீறுவேன். உயிரெழுத்துக்கு மேலே இரண்டு புள்ளி இருந்தால் புள்ளியையும் விடமாட்டேன்.

அந்த விலாசங்களுக்குக் கடிதம் தட்ட, அண்ணை ஒரு தட்டச்சு மெசினைப் பழைய சாமான் கடையில்தான் வாங்கியிருந்தார். இந்த நாட்டு மெசினில் ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கும். கடிதத்தின் அடியில் ‘யுவர்ஸ்’ என்று மரியாதையாக முடிக்கிற இடத்தில் எல்லாம் இசட் விழுந்துவிடும். “சீ!” என்று தாளை உருவி எடுப்பார். பிழை விழுந்த தாள்களின் பின்பக்கத்தில் நான் மனைவிக்குக் கடிதம் எழுதுவேன். “நீங்கள் அங்கை கந்தோரிலையோ வேலை செய்யிறியள்?” என்று அவ ஒருமுறை கேட்டு எழுதியிருந்தா. தட்டச்சைக் கண்டு அலுவலக வேலையென்று நினைத்துவிட்டா. நான் ஓமென்றும் எழுதவில்லை, இல்லையென்றும் எழுதவில்லை.

மறுமொழிகள் வரத் தொடங்கின. நான் விளங்காமல் பிரதிபண்ணினதன் பலன் அப்போதுதான் தெரிந்தது. ஒன்று பாதிரிமாரின் விதவைகளுக்கு உதவுகிற சபை. இன்னொன்று ஒரு மலைக்கிராமத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு மட்டும். எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு நல்ல கடுதாசியில், “தாங்கள் அந்தக் கிராமத்தைச் சேர்ந்தவரல்ல என்று அறிகிறோம்” என்று எழுதியிருந்தார்கள்!

“அண்ணை, பாவாடை ஒண்டு தைச்சுத் தாறன். பூர்வீகத்தைப் பிறகு பாப்பம்” என்றான் யோகன். அண்ணை வயிறு நோகச் சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. “விடும் ஐசே, உம்மடை கையெழுத்து அச்சுப்போலை கிடக்கு. அவங்களே ஏமாந்திட்டாங்கள்” என்று என் முதுகில் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை. வேலை இல்லாத ஞாயிறுகளில் யோகன் சூரிச்சுக்கு சிநேகிதர்களிடம் போய்விடுவான். கடைகள் பூட்டு. தெருவில் சத்தமில்லை. இங்குள்ள சனம் ஒருவரோடொருவர் கதைப்பதே மெல்லத்தான். எங்களைக் கண்டால் அதுவும் நின்றுவிடும். அண்ணையும் நானும் ஏரியோரமாக நடப்போம். அவர் தண்ணீரைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வருவார். நான் பாதிதான் விளங்கிக் கேட்பேன். விளங்கினதல்ல முக்கியம். பக்கத்தில் தமிழில் ஒரு குரல் வந்துகொண்டிருந்தது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. பிரெஞ்சு கதைக்கிற பக்கத்து நகரமொன்றில் ஒரு பேராசிரியர் கைப்பட எழுதியிருந்தார். அவர்களுடைய மலையும் சுண்ணாம்புக் கல்தானாம். கல்லுக்குள் தண்ணீர் போகும் வழியைத்தான் அவரும் தேடுகிறாராம். அண்ணையின் பழைய கட்டுரை ஒன்றை வாசித்திருக்கிறார். வெளிநாட்டு ஆய்வாளருக்கு ஒரு வருடப் புலமைப்பரிசில் உண்டு, படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றிருந்தார்.

அண்ணை கடிதத்தை வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தார். நானும் சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை. ஆனால் அன்று பின்னேரம் கோப்பை கழுவிக்கொண்டு நிற்க, ஒரு நினைப்பு வந்தது. இனி ஞாயிறுகளில் நான் ஆரோடு நடக்கிறது?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதுவரை ஒவ்வொரு காலையும் அலுமாரியைத் திறந்து, “அண்ணைக்கு அந்தப் பரிசில் கிடைக்கவேணும் அப்பனே” என்று கும்பிட்டவன், அடுத்த நாளிலிருந்து “எல்லாம் நல்லபடி நடக்கட்டும்” என்று மாற்றிக்கொண்டேன். கேட்கிறவர் பிள்ளையார். அவருக்கு என் தந்திரம் விளங்காமலா?

படிவம் ஆறு பக்கம். முதல் ஐந்தையும் அண்ணை ஒரே இருப்பில் நிரப்பினார். ஆறாவது பக்கத்தில் மெசின் நின்றுவிட்டது. அதில் ஒரு உறுதிமொழி. வருடம் முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிப்போய், படித்ததை அங்கேயே பயன்படுத்துவேன் என்று சொல்லிக் கையெழுத்து வைக்கவேண்டும்.

அடுத்த நாள் மத்தியான இடைவேளையில், ஹோட்டலின் பின்பக்கத்துப் படியில் மூன்று பேரும் இருந்தோம். அண்ணை அந்தத் தாளை முழங்காலில் வைத்திருந்தார்.

“அகதி விண்ணப்பம் குடுக்கேக்கை பொலிசிலை, திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அது உண்மை. இதிலை, திரும்பிப் போவன் எண்டு எழுதவேணும். ரெண்டிலை ஒண்டு பொய்யாப் போகும்.”

“வையுங்கோ கையெழுத்தை” என்றான் யோகன். “அந்தக் கந்தோரும் இந்தக் கந்தோரும் கதைக்கவோ போகுது? ஒரு வருசம் அண்ணை! அதுக்குள்ளை ஊரிலை சண்டையும் நிண்டிடும்.”

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“நீர் கோயில் குளம் எண்டு இருக்கிற மனிசன். நீர் என்ன சொல்லுறீர்?”

எனக்கு என்ன தெரியும்? எந்தக் கந்தோரின் சட்டமும் தெரியாது. தெரியாதென்று சொல்லியிருக்கலாம். நான் தாளைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“பொய்யெழுதாதேங்கோ அண்ணை. பிள்ளையார் பாத்துக்கொண்டிருக்கிறார்.”

யோகன் எழும்பிப் போய்விட்டான். “பிள்ளையார் வந்து கரட் சீவுவாரோ?” என்று கதவடியில் நின்று கேட்டது காதில் விழுந்தது. அண்ணை முழங்காலில் கிடந்த தாளை நீவிவிட்டார். பிறகு, “ஓம், அதுதான் சரி” என்றார்.

கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, உள்ளதை உள்ளபடி ஒரு கடிதமாகத் தட்டி இணைத்தார். என் நாட்டில் சமாதானம் வரும் நாளில் நிச்சயம் திரும்புவேன், அது எந்த நாள் என்று சொல்ல என்னால் முடியாது. அப்படித்தான் எழுதினதாக எனக்கு வாசித்துக் காட்டினார். தபாற்பெட்டியில் போட்டதும் நான்தான்.

மூன்று கிழமையில் மறுமொழி வந்தது. விதியை மீற முடியாதென்று புலமைப்பரிசில் கந்தோரும், தனக்கு மிகவும் மனவருத்தமென்று பேராசிரியரும் எழுதியிருந்தார்கள். அண்ணை இரண்டையும் மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் நூலகத்துக்குப் போகவில்லை. ஞாயிறுகளில் நடந்தோம். நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அவர் தண்ணீரைப் பற்றிக் கதைப்பதை நிறுத்திவிட்டார். இரண்டு பேரும் சப்பாத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நடந்துவிட்டுத் திரும்புவோம். தனியே நடந்திருந்தால் இவ்வளவு தனிமை இருந்திராது.

அடுத்த வசந்தத்தில் கனடாவிலிருந்த அவருடைய தமையன் அவரைக் கூப்பிட்டுவிட்டார். வழியனுப்ப நான் மட்டும் துன் ஸ்டேஷனுக்குப் போனேன். அண்ணை ரயிலில் ஏறினார். யன்னல் கண்ணாடியைக் கீழே இழுத்து இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் வெளியே நீட்டி என் கையைப் பிடித்தார்.

“ஐசே, அண்டைக்கு நீர் ஒரு சொல்லுச் சொன்னீர். அதாலைதான் நான் நிம்மதியா நித்திரை கொள்ளுறன். என்னிலை உண்மையான அக்கறையோடை சொன்னது நீர் ஒராள்தான்.”

உள்ளதைச் சொல்லிவிட வாயெடுத்தேன்.

“அண்ணை...” என்றேன்.

“என்ன, சொல்லும்?”

“போய்ச் சேர்ந்த உடனை கடிதம் போடுங்கோ.”

போட்டார். சில வருடம் தைப்பொங்கலுக்கு வாழ்த்து வரும். பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை என்று எழுதியிருந்தார். கிணறுகளைப் பற்றி ஒரு வரி இருக்காது. பிறகு விலாசம் மாறி, தொடர்பு விட்டுப்போனது. போன வருடம், அவர் காலமாகிவிட்டார் என்று ஆரோ சொல்லிக் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் நிற்கும்போது பிள்ளையாரைக் கேட்கிறேன், அன்று நான் சொன்னதில் உமக்காகச் சொன்னது எவ்வளவு, எனக்காகச் சொன்னது எவ்வளவு அப்பனே என்று.

இப்போது வருகிற ரயில்கள் நல்ல வசதி. இரண்டு தட்டு, உள்ளே குளிரூட்டி, சத்தமில்லாமல் புறப்படும். யன்னல்தான் திறக்காது. வழியனுப்ப வந்தவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று வாயை அசைக்கிறார்கள். உள்ளே இருப்பவர் காதைத் தொட்டுக்காட்டி, கேட்கவில்லை என்று கையை விரிக்கிறார். அவர்களைப் பார்த்துக்கொண்டு நான் பிளாட்பாரத்தில் நிற்பதுண்டு.

அன்றைக்கு யன்னல் திறந்துதான் இருந்தது.