நீள மண்டபத்து ஏணை

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்கள். இங்கேயே படித்து இங்கேயே விஞ்ஞானம் படிப்பிக்கிற குற்றத்துக்காக, கட்டடங்களின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. மாடிக் கட்டடம் நாலு வரியில் முடிந்துவிட்டது. ஆய்வுகூடத்துக்கு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை. நீள மண்டபத்துக்கு வந்ததும்தான் பேனை நின்றுவிட்டது.

உருத்திரபுரத்துக்கு அடுத்த குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், தங்கள் வீடுகளுக்குச் சுவர் எழுப்ப முன்னரே கட்டிய மண்டபம் அது. முதலில் கிடுகு வேய்ந்தார்கள், பிறகு ஓடு போட்டார்கள். யுத்தத்தில் ஓடு போய், சுவர்களும் கூரை வளைகளும் மிஞ்சின. அதன் மேல் தகரம் வந்தது. இதெல்லாம் மலருக்குப் போகும். அந்த மண்டபத்தின் கிழக்கு மூலை கொஞ்சக் காலம் எங்கள் வீடாக இருந்ததை எங்கே எழுதுவது?

யுத்தம் முடிந்து செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து எங்களை ஊருக்கு விட்டபோது, எங்கள் காணியில் மிதிவெடி அகற்றி முடிந்திருக்கவில்லை. சிவப்பு நாடா கட்டி, மண்டையோடு கீறிய பலகை நட்டிருந்தார்கள். அப்பா தினமும் போய், நாடாவுக்கு இந்தப் பக்கம் நின்று எங்கள் கிணற்றைப் பார்த்துவிட்டு வருவார். மண்டபத்தில் எங்களோடு தங்கியிருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் காணிகளுக்குப் போய்விட்டன. பள்ளிக்கூடம் திறந்தபோது எங்களுக்கு மட்டும் போக இடமில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவரும் குடியிருக்கக் கூடாது, இருந்தால் திரும்பவும் முகாம்தான் என்று மேலிடத்துக் கட்டளை. முகாமில் இருந்த கூடாரத்தை நினைத்தாலே அம்மாவுக்குச் சோறு இறங்காது.

அந்த மூலை ஆறாம் வகுப்புக்கு ஒதுக்கப்பட்டது. வகுப்பு ரீச்சர் வந்து பார்த்துவிட்டு, “காலமை பாயைச் சுருட்டுங்கோ, பின்னேரம் விரியுங்கோ. நடுவில நாங்கள் படிப்பிக்கிறம்,” என்றார். அப்படியே நடந்தது. விடிந்ததும் அம்மா சட்டி பானைகளோடு பின்னாலுள்ள பாலைமரத்தடிக்குப் போய்விடுவார். நான் படுத்த இடத்திலேயே எழும்பி உட்கார்ந்து மாணவியாகிவிடுவேன். மற்றப் பிள்ளைகள் புழுதி குடித்துக்கொண்டு நடந்து வர, எனக்கு மட்டும் பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிட்டது என்று பெருமை தாங்க முடியவில்லை.

அசைக்க முடியாமல் இருந்தது தம்பியின் ஏணை ஒன்றுதான். அம்மாவின் பழைய சேலையை அப்பா வளையில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். தம்பி அதில் தூங்கும்போது ரீச்சர் குரலைத் தாழ்த்திப் படிப்பிப்பார், நாங்களும் மூச்சுக் காட்டமாட்டோம். எங்கள் வகுப்பின் ஒழுக்கத்தை அதிபர் காலைக்கூட்டத்தில் மெச்சினார்.

ஒருநாள் வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. கல்விக் கந்தோரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். அம்மா ஓடி வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு பாலைமரத்தடிக்குப் போய்விட்டார். ஏணையை அவிழ்க்க ரீச்சர் வாங்குப் பலகையில் ஏறுவதற்குள் அதிகாரியின் சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்துவிட்டது. ரீச்சர் ஒன்றும் யோசிக்கவில்லை. இடிந்த சுவரிலிருந்து ஒரு அரைச் செங்கல்லை எடுத்து ஏணைக்குள் போட்டு, ஒரு தள்ளுத் தள்ளினார்.

“இண்டைக்கு நாங்கள் ஊசல் படிப்பம்.”

அதிகாரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஏணை அங்கும் இங்கும் போய்வந்தது. ரீச்சர் கரும்பலகையில் கயிறும் குண்டும் கீறினார். வகுப்பே விஷயம் தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தது. பிள்ளை இல்லாத ஏணையை எங்கள் வீட்டில் ஒருவரும் ஆட்டமாட்டார்கள். பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. எழும்பிவிட்டேன்.

“ரீச்சர், வெறும் ஏணையை ஆட்டக் கூடாது. தம்பிக்கு வயித்துக்குத்து வரும்.”

அதிகாரி நடந்து வந்து ஏணையைப் பிடித்து நிறுத்தினார். செங்கல்லை எடுத்து மேசையில் சத்தம் வராமல் வைத்தார்.

“பிள்ளை சொல்றது சரி,” என்றவர் என்னைப் பார்த்து, “தம்பிக்கு எத்தினை மாசம்?” என்று கேட்டார்.

“ஏழு, சேர்.”

பிறகு ரீச்சரின் பக்கம் திரும்பினார். “இந்த ஊசல் பாடம் எப்ப முடியும், ரீச்சர்?”

“மாரி மழைக்கு முந்தி முடிச்சிடுவன், சேர்.”

“அவசரப்படாதேங்கோ. ஆறுதலாப் படிப்பியுங்கோ. இனி நான் வாறதெண்டால் சொல்லி அனுப்பிப்போட்டுத்தான் வருவன்.”

அவர் போனபின் பாலைமரத்தடியில் அம்மா தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். வயிற்றுக்குத்துக்குப் பயந்துதான் அழுகிறார் என்று நினைத்து, கொஞ்ச நேரந்தான் ஆட்டினார்கள், பயமில்லை என்று தேற்றினேன். மழை தொடங்க முன்னர் சிவப்பு நாடாவைக் கழற்றினார்கள். அப்பா ஏணைக் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டார். எங்கள் கிணற்றடிக்குப் போனோம், நாலு பேரும்.

நான் ஊசலை வரிக்கு வரி பாடமாக்கியிருந்தேன். பரீட்சையில் ஒரு கேள்விகூட வரவில்லை. ரீச்சரிடம் முறையிட்டபோது அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பெரிய அதிகாரியை எங்கள் ஆறாம் வகுப்பு ஏமாற்றிப் பேய்க்காட்டிய கதையைப் பல வருஷம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன்.

இப்போது அதே மூலையில் ஆறாம் வகுப்புக்கு நானே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஊசல் மேல்வகுப்புப் பாடம். ஊரூராகப் பள்ளிக்கூடம் பார்த்துத் திரிந்த அந்த அதிகாரிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அவருடைய பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. எங்கிருந்தாலும் அவரும் அவர் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும். அன்று இந்த மண்டபத்தில் ஏமாந்தது நான் ஒருத்திதான்.