கலாசாரம் உள்ள ஏரியா

“ஜூன் கடைசியில ரெண்டு பேரும் ரொறன்ரோவுக்கு வாறம். ஹோட்டல் வேண்டாமடி, அது எல்லா ஊரிலையும் ஒண்டுதான். ஆக்கள் சீவிக்கிற இடத்தில நிக்கவேணும். நல்ல கலாசாரம் உள்ள ஏரியாவாப் பாத்து எடுத்துத் தா.”

லண்டனிலிருந்து என் பள்ளித் தோழி தொலைபேசியில் சொன்ன வார்த்தைகள் இவை. ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை. பின்னர் அவள் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். அதனால்தான் முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் இருவரும் உயர்தர வகுப்புவரை ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவள் லண்டன் போனாள், நான் இங்கே வந்தேன். அவளுடைய கணவர் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு நாடு போவார்கள். நாடகம், நூதனசாலை, இசைக் கச்சேரி என்று அலைந்து, ஒவ்வொன்றின் வாசலிலும் நின்று படம் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன்.

என்னிடம் அவள் கேட்டதில் ஆச்சரியமில்லை. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில்தான் எனக்கு வேலை. நகரத்துக்குள் எங்கே தங்குவது நல்லது என்று தினமும் யாராவது கேட்பார்கள். நான் டவுன்டவுனில் நாலு இடங்களின் பெயரைச் சொல்வேன். நகரின் கிழக்கே, எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில், இருபது வருடமாக நான் குடியிருக்கிற வெக்ஸ்போர்ட்டின் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாதே என்று எந்த முகாமையாளரும் எனக்குக் கட்டளை போடவில்லை. நானாகத்தான் விழுங்கினேன். மற்றவர்கள்மேல் எனக்கு இருக்கிற கோபத்தைச் சொல்லுமுன் இதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் கேட்டதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மே மாதத்தில் கிடைத்த நாலு விடுமுறை நாட்களும் அதற்கே போயின. நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த அந்த இடங்களை முதல் தடவையாக நடந்து பார்த்தேன். ஒரு தெருவில் பழைய செங்கல் வீடுகள், அழகான வரிசை. வாசல் கம்பிகளில், வந்து தங்குகிறவர்கள் வீட்டுத் திறப்பை எடுத்துக்கொள்ள, இலக்கப் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிகள் தொங்கின. ஒரு வீட்டிலிருந்து படுக்கை விரிப்புகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு ஒரு பெண் இறங்கினாள். என் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

“ஆரையும் தேடுறியளோ அக்கா?”

“இல்லை. இந்த றோட்டில ஆக்கள் எப்பிடி எண்டு பாக்க வந்தனான்.”

“இந்தப் பக்கம் ஆக்கள் இருக்கிறேல்லை. வாறவை, போறவை மட்டும்தான். நான் இந்த வரிசையில ஏழு வீடு துப்பரவாக்கிறன். ஒரு வீட்டிலையும் அடுப்பு பத்தினதைக் காணேல்லை.”

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். ஸ்காபரோ என்றாள். காலையில் மூன்று பஸ் மாறி வருகிறாளாம். அந்தத் தெருமுனைச் சுவரில் ஒரு வயதான கடைக்காரரின் முகத்தைப் பெரிதாக வரைந்திருந்தார்கள். அவருடைய கடை இருந்த இடத்தில் இப்போது கோப்பிக் கடை என்றாள் அவள். வாடகை கட்டமுடியாதவரை அனுப்பிவிட்டு முகத்தை மட்டும் சுவரில் வைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் நின்று இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

அன்று வீடு திரும்பும்போது லோறன்ஸ் வீதியில் காரை நிறுத்திவிட்டு, எங்கள் பக்கத்தையும் அதேபோல நடந்து பார்த்தேன். சிரியாக்காரரின் பேக்கரி வாசலில் சுடச்சுடப் பாண் வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அடுத்த கதவில் எங்கள் கொத்துரொட்டிக் கடை. அதற்கு மேல்மாடியில் யாரோ மிருதங்கம் பழக, கீழே பிலிப்பைன்ஸ் பெண்கள் இருவர் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். ஆட்கள் சீவிக்கிற இடம் என்றால் இதைவிட வேறெங்கே போவது?

மூன்று தெரு தள்ளி, அக்கம்பக்கத்தில் எல்லோரும் அன்ரி என்று கூப்பிடுகிற ஒருவரின் வீட்டைத் தீர்மானித்தேன். எழுபதைத் தாண்டியவர். தன் வீட்டின் கீழ்த்தளத்து இரண்டு அறைகளையும் இரண்டு வருடமாகப் பயணிகளுக்கு விடுகிறார். பக்கவாட்டில் தனிக் கதவு. அவருடைய கராஜில் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்க்கும். லொறி ஓட்டுகிறவர், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவர், வங்கியில் இருக்கிறவர், தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த ஒரு மாணவி என்று ஒன்பது பேர். ஏஜென்சி மூலம் நாள்கூலிக்குத் தொழிற்சாலைக்குப் போகிற ஆட்களைப் பற்றி அவர்களே எழுதிய நாடகம். நாடகப் பிரியர்களுக்கு இது கிடைத்தற்கரியது என்று நினைத்தேன். படங்களை அனுப்பியபோது தோழி “வடிவா இருக்கு, எடு” என்று எழுதினாள். அறை பதிவுசெய்கிற இணையப் பக்கத்தில் அவளுடைய கணவரின் பெயரிலும் மின்னஞ்சலிலுமே பதிவுசெய்தேன்.

அன்ரி புதுத் திரைச்சீலை தைத்துப் போட்டார். குழுவினர் கராஜின் முன்வரிசையில் விருந்தாளிகளுக்கென்று இரண்டு கதிரைகள் வைத்தார்கள்.

அவர்கள் வந்தது சனிக்கிழமை மத்தியானம். விமான நிலையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் தோழியின் கணவர் கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார்க்கத் தொடங்கினார்.

“டவுன்டவுன் எவ்வளவு தூரம்?”

“பஸ்ஸும் சப்வேயுமாப் போனா அம்பது நிமிசம், அண்ணை.”

“அப்ப இது ஸ்காபரோ எல்லே?”

பல்லில் ஓட்டையைக் கண்டுபிடித்தவரின் குரல் அது.

அன்ரி வாசலில் நின்று கைகூப்பி வரவேற்றார். பக்கக் கதவைத் திறந்ததும் கீழே இறங்குகிற படிகள். தோழியின் கணவர் மூன்றாவது படியில் நின்றுவிட்டார்.

“பேஸ்மென்றோ?”

அந்த நேரம் பார்த்து கராஜுக்குள்ளிருந்து ஒரு குரல் வெடித்தது. “இது கை! என்ர கை! மெசின் இல்லை எண்டு அவனுக்குப் போய்ச் சொல்லு!”

“என்ன, சண்டையோ?”

“சண்டை இல்லை அண்ணை, நாடகம்,” என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோசம். “இண்டைக்கு ஒத்திகை. முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ. உங்களுக்கெண்டு கதிரை போட்டு வச்சிருக்கினம்.”

அவர் என்னைப் பார்க்காமல் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: “நாங்கள் கலாசாரம் பாக்க வந்தனாங்கள். எங்கட சனம் கராஜுக்குள்ள நிண்டு கத்திறதை லண்டனில ஈஸ்ட்ஹாமிலையே பாக்கலாம்.”

அன்ரிக்குக் கேட்டது. கராஜ் கதவு பாதி திறந்திருந்ததால் உள்ளே இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அரை மணித்தியாலத்துக்குள் தோழியின் கணவர் டவுன்டவுனில் ஒரு ஹோட்டல் அறையும், அன்று மாலை நடக்கிற ஓர் ஆங்கில நாடகத்துக்கு இரண்டு ரிக்கெற்றும் தொலைபேசியிலேயே எடுத்து முடித்தார். தோழி என் கையைப் பிடித்து, “பிழையா நினைக்காதையடி, அவருக்கு நடக்கிற தூரத்தில எல்லாம் இருக்கவேணும்,” என்றாள். ரக்சி வந்தது. அன்ரி வைத்த தேத்தண்ணி மேசையில் அப்படியே இருந்தது. நானே பெட்டியைத் தூக்கி ரக்சியில் ஏற்றிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும்போல இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். செவ்வாய்க்கிழமை அன்ரி என்னைக் கூப்பிட்டார். கைபேசியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார். அறை பதிவுசெய்கிற இணையப் பக்கத்தில் அவருடைய வீட்டுக்கு ஐந்தில் இரண்டு நட்சத்திரம் விழுந்திருந்தது. கீழே ஆங்கிலத்தில் விமர்சனம். இருட்டான கீழ்த்தளம். கலாசார இடங்கள் எதுவும் அருகில் இல்லை. கராஜில் ஆட்கள் கூட்டமாகச் சத்தமிட்டதால் பாதுகாப்பாக உணரவில்லை.

“எனக்கு வாசிக்கத் தெரியும், பிள்ளை,” என்றார் அன்ரி. “வாசிச்சிட்டன். நீரும் ஒருக்கா வாசியும் எண்டுதான் கூப்பிட்டனான். மகள் சொல்லுறா, ஒத்திகையை நிப்பாட்டட்டாம், இல்லாட்டி இனி ஒருத்தரும் வராயினமாம்.”

நாடகம் என்று தெரிந்துகொண்டே தோழியின் கணவர் எழுதியிருக்கிறார். என் வாயாலே சொன்னேனே! அதைப் பயங்கரமான சத்தம் என்று உலகத்துக்கு அறிவித்திருக்கிறார்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் நேரே அவர்களுடைய ஹோட்டலுக்குப் போனேன். தோழி மட்டும் கீழே இறங்கி வந்தாள். வரவேற்பறைச் சோபாவில் அவள் இருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்.

“அதை அழிக்கச் சொல்லு.”

“அவர் உண்மையைத்தானே எழுதினவர்.”

“சத்தம் என்னெண்டு அவருக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அண்டைக்குப் பின்னேரம் நீங்கள் காசு குடுத்துப் பாத்த நாடகத்தில ஒருத்தரும் கத்தேல்லையோ? அங்க பயம் வரேல்லையோ?”

“மெதுவாக் கதை. ஆக்கள் பாக்கினம்.”

“பாக்கட்டும். ஆக்கள் சீவிக்கிற இடம் வேணுமெண்டு நீதானே கேட்டனி?”

“நான் அப்பிடிக் கேக்கேல்லை. நல்ல ஏரியா எண்டுதான் கேட்டனான். நீ எங்களைக் கொண்டுபோய்ப் பேஸ்மென்றில விட்டாய்.”

“பதினொரு வருசம் நான் பேஸ்மென்றில இருந்தனான். என்ர ரெண்டு பிள்ளையளும் அங்கதான் நடக்கப் பழகினதுகள். உன்னால ஒரு மணித்தியாலம் இருக்கேலாமல் போச்சு.”

அவள் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. “நீ எங்களுக்கு ஏரியா தேடேல்லை. உன்ர ஏரியா நல்லதெண்டு எங்களைக்கொண்டு சொல்லுவிக்கப் பாத்தனி.”

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த உண்மை என் கோபத்தை இன்னும் கூட்டியது. அவளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். விமர்சனம் அழிக்கப்படவில்லை.

அதற்குக் கீழே வீட்டுக்காரர் மறுமொழி எழுதலாம். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். அன்ரி வாசித்துவிட்டு, “உம்மட கோவம் எல்லாம் சரி. ஆனா என்ர பேரில இதைப் போடேலாது,” என்றார். அந்த இணையப் பக்கத்திலிருந்தே வீட்டை எடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

எனக்கு அவர்மேலும் ஆத்திரம் வந்தது. “ஏன் அன்ரி விட்டுக்குடுக்கிறியள்? அவையள் வெண்ட மாதிரி எல்லே?”

“ஆர் விட்டுக்குடுத்தது? வாறவன் போறவன் எல்லாம் மார்க் போடுற வீட்டில எனக்கு இருக்க விருப்பமில்லை. அவ்வளவுதான். ஒத்திகை நடக்கட்டும். குளிருக்குள்ள கராஜில நிண்டு நடுங்காமல் கீழ வந்து செய்யட்டும்.”

அப்படியே நடந்தது. பெரிய அறையிலிருந்து கட்டிலைத் தூக்கி வெளியே எடுத்தோம். சின்ன அறைக்குள் நாடக உடுப்புகளும் பொருட்களும் போயின. ஒக்ரோபரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நாடகம் மேடையேறியது. நான் வாசலில் நின்று ரிக்கெற் கிழித்தேன். மண்டபம் முக்கால்வாசி நிறைந்தது. கையைக் காட்டிக் கத்துகிற அந்தக் காட்சியில் எனக்கு முன்னால் இருந்த ஒருவர் தன் கையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கு இரண்டு விரல்கள் இல்லை.

வேலையிடத்தில் யாராவது கேட்டால் இப்போது வெக்ஸ்போர்ட்டையும் சொல்கிறேன். வரைபடத்தில் தூரத்தைப் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவர்கள் நன்றி சொல்லி மறுக்கிறார்கள். நான் விடாமல் சொல்கிறேன்.

மார்கழியில் தோழி வாட்ஸப்பில் லிஸ்பனில் எடுத்த படங்கள் சில அனுப்பினாள். கீழே ஒரு வரி: “இன்னும் கோவமோ?”

நான் யோசிக்கவில்லை. “ஓம்” என்று எழுதி அனுப்பிவிட்டுக் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.