முறிந்த கால்கள் இறங்கி வரும் மலை

மலை ஏறுவதற்கு முன்னுள்ள கடைசி ஊரில் பெட்ரோல் அடிக்க நிற்கிறோம். வாடகைக்கு எடுத்த பனிச்சறுக்குக் கட்டைகள் காரின் கூரையில் கிடக்கின்றன. வருகிற டிசம்பரில் எந்தப் பயண நிறுவனத்தையும் நம்பாமல் நாங்களாகவே ஐரோப்பாவின் ஆல்ப்ஸுக்குப் போய்ச் சறுக்குவதென்று என் கணவர் திட்டம் போட்டிருக்கிறார். மெல்பேர்னிலிருந்து இந்தப் பனிமலைக்கு வந்தது அதற்கு ஒத்திகை. வரைபடம் அவர் கையில் இருக்கிறது. பயம் முழுவதும் என்னிடம்.

எங்கள் தமிழ் முகங்களைக் கண்டதும் ஒருவர் வீதியைக் கடந்து வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்த ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டராம்.

"முந்திச் சறுக்கியிருக்கிறியளோ?"

"இல்லை. புத்தகத்தில வாசிச்சனாங்கள்" என்கிறார் கணவர்.

"இண்டைக்குக் காலமை மட்டும் ரெண்டு பேருக்குக் கால் முறிவு. ஒராள் நல்லாப் பழகினவர்."

திரும்பிப் போகச் சொல்லிவிடுவார் என்று ஆசையோடு காத்திருக்கிறேன். அவர் மலையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"இஞ்ச வந்து மூண்டு விண்டர். முறிஞ்ச கால்கள் இறங்கி வாறதைத்தான் கண்டிருக்கிறன். தனியப் போய் விழ வெக்கமாக் கிடக்கு. எனக்கு மத்தியானத்தோட வேலை முடிஞ்சுது. பின்னால இடம் இருக்கோ?"

கணவர் சந்தோஷமாகக் கதவைத் திறக்கிறார். டொக்டர் ஏறி, கையிலிருந்த மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்கிறார். எனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது.

கார் வளைவில் ஏறும்போது அவர் மெல்லச் சொல்கிறார்: "எனக்கு முறிஞ்சால் கட்டுறதுக்கு இந்த ஊரில வேற டொக்டர் இல்லை."