கடைசி இலக்கத்தை வெட்டினால்

பள்ளியில் காலை மணி அடிக்கும் நேரத்தில் செய்தி வந்தது. கணித ஆசிரியர் கதிரேசன் சிலமலையில் தம் வீட்டில் உறக்கத்திலேயே போய்விட்டார். போடியில் அவரோடு ஒரே ஆசிரியர் அறையில் பல ஆண்டுகள் இருந்தவன் நான்; வேதியியல் நடத்துகிறேன். அவரை நினைத்தால் எங்களில் பலருக்கு முதலில் ஓர் எண்தான் நினைவுக்கு வரும்.

73939133. ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம். இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டினால் மிஞ்சுவதும் பகா எண். ஒவ்வொன்றாக வெட்டி ஒற்றை ஏழில் வந்து நிற்கும்வரை அந்தக் குணம் மாறாது. ஆனால் வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேர்த்தாலும் கெட்டுவிடும். "கொறச்சா தாங்குவான், கூட்டினா தாங்க மாட்டான். இப்பிடி ஒரு பயலப் பாத்திருக்கீகளா?" என்பார், சொந்த மருமகனைப் புகழ்வதுபோல.

இரங்கல் கூட்டத்தில் அவரைச் சாது என்றார்கள். சாதுவெல்லாம் இல்லை, பிடிவாதக்காரர். ஒருமுறை ஏலத்தோட்டத்துக்குப் போய்வந்தபோது செருப்புக் கடித்த புண் சர்க்கரையால் ஆறவில்லை. வலது பாதத்தை எடுக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் தேனி மருத்துவர். இவர் மறுத்தார். மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. மேடையில் நின்று பெண்ணைக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம் என்றார்.

அவர் எண்ணை வைத்தே அவரை மடக்கப் பார்த்தேன். "அண்ணே, ஒங்க எண்ணுல கடைசி இலக்கம் போனா மிச்சம் கெட்டா போகுது?"

அசரவில்லை. "நடக்கையில முன்னால போறது காலுதானய்யா? அப்ப அது மொத இலக்கம். முன்னால இருக்கிற ஏழை வெட்டிப் பாரு, பதினொன்னால வகுபட்டுப் போகும்."

தாளில் போட்டுப் பார்த்தேன். 3939133 பதினொன்றால் வகுபடத்தான் செய்தது. உயிர் ஊசலாடும் நேரத்தில் இரண்டு வாத்தியார்கள், கால் எந்த இலக்கம் என்று வாதாடிக்கொண்டிருந்தோம். அவர் மனைவி புஷ்பம் மதினி கஞ்சிப் பாத்திரத்தை டொக்கென்று வைத்தார். "தலையிலருந்துதான எண்ணணும்? காலு கடைசிதான். வெரசா ஆபரேசன் தாளுல கையெழுத்தப் போடுங்க."

கதிரேசன் சிரித்துவிட்டார். "சரி, தலையிலருந்தே எண்ணிக்குவோம்" என்று பேனாவை வாங்கினார்.

கல்யாணத்தன்று நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருந்தோம். மாப்பிள்ளை பூப்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர். பெண்ணைக் கொடுக்கும் நேரத்தில் கதிரேசன் எழ முயன்றார், முடியவில்லை. அவர் மகளின் கையைப் பிடித்து நீட்டினார்.

"உக்காந்து குடுத்தாலும் பொண்ணு முழுசாத்தான் வர்றா மாப்ளே. புடிங்க."

மாப்பிள்ளை சட்டென்று அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். நான் அழுதுவிட்டேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.