ஒரு முட்டை பப்ஸும் என் பக்கவாதமும்

நாற்பத்தாறு வயதில் நான் மறுபடி மாணவனாகச் சேர்ந்ததை எங்கள் ஊரான பாலக்காட்டுச் சித்தூரில் என் மனைவியைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தோளில் பையுடன் பாலக்காடு பஸ்ஸுக்கு நிற்பேன். பார்த்தவர்கள் "காலேஜுக்குங்களா?" என்பார்கள். "ஆமாங்க" என்பேன். "பசங்க அடங்கறாங்களா?" என்பார்கள். "பரவால்லீங்க" என்பேன். அந்தப் பசங்கள் என் வகுப்புத் தோழர்கள் என்பதையும், அடங்கிக் கிடப்பது நான்தான் என்பதையும் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்கிற வழக்கம் எனக்கும் இல்லை. கொஞ்ச நாளில் நான் ஊருக்குப் புரொபசர் ஆகிவிட்டேன். வாசகசாலை ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போட்டார்கள். போட்டுக்கொண்டேன். இப்போதும் பீரோவில் இருக்கிறது. என் மனைவி அதைத் தொடுவதில்லை.

படித்தது பேச்சு, மொழி சிகிச்சையில் முதுகலை. இளங்கலையை வாலிபத்திலேயே முடித்துவிட்டு, பிறகு கோயமுத்தூரில் காது மெஷின் விற்கும் கடையில் இருந்தேன். காது கேளாதவர்களிடம் கத்திக் கத்தி என் தொண்டை போனபோது, மிச்சமிருக்கும் ஆயுளைக் கொஞ்சம் மெதுவாகப் பேசிக் கழிக்கலாமே என்று தோன்றியது. வகுப்பில் முதல் வாரம் என்னை 'அங்கிள்' என்றார்கள். பிறகு இரக்கப்பட்டு 'சேட்டா' என்று அண்ணனாக இறக்கினார்கள். கிளினிக்கில் எனக்கு மேற்பார்வையாளராக இருந்த மலையாளப் பெண், நான் முதல் பட்டம் வாங்கியபோது பால்வாடியில் ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்திருப்பார். நாங்கள் சிகிச்சை கொடுக்கும்போது ஒரு கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். அவருக்கு நாங்கள் தெரிவோம், எங்களுக்கு அவர் தெரியமாட்டார். கடவுளைப் பற்றி நான் கேள்விப்பட்டிருந்த ஏற்பாடு அது.

எனக்கு ஒப்படைக்கப்பட்டவர் சூரியநெல்லி என்ற தேயிலை மலை ஊரிலிருந்து வந்த ஒரு ஜீப் டிரைவர். முப்பது வயது இருக்கும். சூரியோதயம் பார்க்க வரும் டூரிஸ்டுகளை மலைமேல் ஏற்றி இறக்குவது அவர் வேலை. சிறுவயதிலிருந்தே திக்கும். யாரும் எதையும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக ஏறும்போதும் இறங்கும்போதும் ஜீப்பில் பாட்டை உரக்க வைத்துவிடுவாராம். அவருடைய அக்காவைச் சித்தூர்ப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டில் கொடுத்திருந்தார்கள். சிகிச்சைக்காக இவர் அங்கே தங்கியிருந்தார். அக்காவும் கூடவே கிளினிக்குக்கு வருவார். தம்பியிடம் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார்.

"காலைல சாப்பிட்டீங்களா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"சாப்ட்டான் சார். இட்லி. சட்னி வேண்டாம்னுட்டான்" என்றார் அக்கா.

"எதுக்காகச் சிகிச்சைக்கு வந்தீங்க?"

"பொண்ணு பாத்திருக்கோம் சார். எங்க எஸ்டேட்டுக்குப் பக்கத்து எஸ்டேட்டு. பொண்ணோட அப்பா டீ பேக்டரியில இருக்காக. எல்லாம் பேசியாச்சு. ஆனா அவுக ஒத்தக் கால்ல நிக்காக, மாப்பிள்ளை வந்து அவரு வாயால கேக்கட்டும்னு. இதுவரைக்கும் எங்க அண்ணந்தான் எல்லாம் பேசுனது. அந்தப் பொண்ணுக்கும் இவனுக்கும் ரொம்ப இஷ்டம் சார்."

டிரைவர் தரையைப் பார்த்தார். காது சிவந்திருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் மறுக்க விரும்பவில்லை என்று தெரிந்தது.

திக்குவதை நிறுத்துவது அல்ல இந்தச் சிகிச்சையின் முதல் வேலை. திக்கிவிடுவோமோ என்ற பயத்தை நிறுத்துவது. அதற்கு ஒரு பயிற்சி உண்டு. முன்பின் தெரியாதவர்களிடம் போய் வேண்டுமென்றே திக்கிப் பேசிப் பார்க்க வேண்டும். நோயாளியைச் செய்யச் சொல்வதற்கு முன்னால் சிகிச்சை தருகிறவர் அவர் கண் முன்னாலேயே அதைச் செய்து காட்ட வேண்டும். உலகம் ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை என்று அவர் நேரில் பார்க்க வேண்டும். என் வகுப்பில் எல்லோரும் இதைச் செய்தாயிற்று. நான் மட்டும் தொண்டைவலி, பஸ் ஸ்டிரைக், மாமனார் வருகை என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

"சேட்டா, இந்த வாரம் செய்யணும்" என்றார் மேற்பார்வையாளர். "தெரியாத ஆளுக முன்னாடி. அதுதான் முக்கியம்."

டிரைவரும் வாயைத் திறந்தார். "நீ... நீங்க மொதல்ல செஞ்சு கா... காட்டுங்க சார். அப்புறம் நான் செய்யுதேன்."

பாலக்காட்டிலேயே ஏதாவது ஒரு கடையில் இதை முடித்திருக்கலாம். ஆனால் அன்று வெயில். டிரைவரும் நானும் ஒரே பஸ்ஸில் சித்தூருக்குத் திரும்பினோம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரி புதிதாகத் திறந்திருந்தார்கள். புதுக் கடை, அதனால் புது ஆள் என்று என் மூளை கணக்குப் போட்டது. முதுகலை மாணவனின் மூளை.

உள்ளே போய், எல்லோர் காதிலும் விழும்படி ஆரம்பித்தேன்: "ஒரு மு... மு... மு... முட்... முட்டை ப... ப... பப்..." முகத்தையும் கொஞ்சம் சுளித்தேன். கண்ணையும் கொஞ்சம் மூடினேன். செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்று நினைப்பவன் நான்.

கண்ணைத் திறந்தபோது கல்லாவில் இருந்தவர் எழுந்து நின்றிருந்தார். கடைதான் புதிது. அவர் என் அப்பாவுக்குக் களத்தில் நெல் அளந்த குடும்பத்து ஆள்.

"ஏனுங்க புரொபசரே, என்னாச்சுங்க?"

"ஒ... ஒண்... ஒண்ணு..." என்றேன். எதிரே டிரைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், பாதியில் விட்டால் பாடம் கெட்டுவிடும்.

"அய்யோ, பேசாதீங்க, பேசாதீங்க. உக்காருங்க. தம்பி, நீ யாரு, கூட வந்த ஆளா? அவரைப் புடிச்சுக்க. வாய் கோணுது பாரு."

நாற்காலி வந்தது. மின்விசிறி என் பக்கம் திரும்பியது. யாரோ போனில் என் வீட்டுக்கும், கொழிஞ்சாம்பாறையில் என் பெரியப்பா வீட்டுக்கும், தேவையில்லாமல் பொள்ளாச்சிக்கும் சொன்னார்கள். பேக்கரி நிறைந்துவிட்டது. வந்தவர்கள் சும்மா நிற்கக் கூடாது என்று டீயும் வாங்கிக் குடித்தார்கள்.

"சிரிங்க பாக்கலாம்" என்றார் ஒருவர். வாதம் என்றால் சிரிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று வாட்ஸாப்பில் படித்திருக்கிறார். வெட்கத்தோடு சிரித்தேன்.

"பாத்தீங்களா, ஒரு பக்கமா இழுக்குது."

"அவரு சிரிப்பே அப்படித்தானுங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. என் மனைவி. வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்தாள். "அவருக்கு ஒண்ணுமில்லீங்க. ஏதாவது படிப்பு வேலையா இருக்கும்."

"பாவம், அதிர்ச்சியில என்னமோ சொல்லுது அம்மிணி" என்று அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் உட்கார்ந்தாள். ஒரு பப்ஸும் வாங்கிக்கொண்டாள்.

இனி நடிப்பது ஆபத்து என்று எழுந்து நின்று, திக்காமல், மேடையில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னேன்: "எனக்கு எதுவும் ஆகலீங்க. வேணும்னேதான் திக்குனேன். இது ஒரு பயிற்சி. நான் காலேஜ்ல ஸ்டூடண்டுங்க."

என் பெரியப்பா அதற்குள் வந்துவிட்டிருந்தார். மெதுவாகத் தன் தலையில் கை வைத்தார்.

"ஞாபகமும் போயிருச்சாட்ட இருக்குது. ஸ்டூடண்டுங்கறான். தான் வாத்தியார்ங்கறதையே மறந்துட்டான்."

"பொன்னாடை கூடப் போட்டமேங்க" என்றார் வாசகசாலைச் செயலாளர், கண் கலங்கி. "புரொபசரே, ஞாபகம் இருக்குதுங்களா? பச்சைக் கலரு."

எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அன்று முழுக்க நான் உண்மையிலேயே தடுமாறிய இடம் அது ஒன்றுதான்.

காரை எடுக்கச் சொன்னார்கள். கோயமுத்தூரா திருச்சூரா என்று ஒரு கட்சி, முதலில் தலைக்கு எண்ணெய் வைக்கலாம் என்று ஒரு கட்சி. சேதி கேட்டு டிரைவரின் அக்காவும் தோப்பிலிருந்து ஓடி வந்திருந்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, "ஏங்க, எந்தம்பி கூடத்தான இருந்தான், அவன் என்ன சொல்லுதான்னா..." என்று ஆரம்பித்தார்.

டிரைவர் கையை நீட்டி அக்காவை நிறுத்தினார்.

"நா... நான் சொல்லுதேன்."

அக்கா வாயை மூடியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சா... சாருக்கு ஒண்ணுமில்ல. எ... எ... எனக்குத்தான் திக்கும். பொறந்ததுலருந்து. எனக்குப் ப... பயம் போகணும்னு, சார் எ... எனக்காகத் திக்கிக் காட்டுனாரு. அவரு காட்டுனதுக்கு அப்புறம் நா... நான் ஒரு ப... பப்ஸ் கேக்கணும். அதுக்குள்ள நீங்கள்லாம் வ... வந்துட்டீக."

யாரும் குறுக்கே பேசவில்லை. 'ப' வருவதற்கு நேரம் எடுத்துக்கொண்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். பேசி முடித்தபின் அவரே திரும்பி கல்லாக்காரரிடம், "ஒரு மு... முட்டை பப்ஸ் குடுங்கண்ணே" என்றார். கல்லாக்காரர் கொடுத்தார். உலகம் இடிந்து விழவில்லை. என் பங்கு உலகம் ஏற்கெனவே விழுந்துவிட்டிருந்தது, அது வேறு விஷயம்.

அதன்பின் கூட்டத்துக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சூரியநெல்லியில் குளிர் எப்படி, ஜீப்பில் எத்தனை பேரை ஏற்றலாம், காட்டு யானை வருமா என்று கேட்டார்கள். யானையைப் பற்றி அவர் திக்கித் திக்கி விவரித்த இடத்தில் வேண்டிய அளவு திகில் கூடியது. என்னை மறந்தார்கள். பெரியப்பா மட்டும் போகும்போது என் தோளைத் தட்டி, "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துருடா" என்றார்.

மறுநாள் கிளினிக்கில் மேற்பார்வையாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. பிறகு டிரைவரைக் காட்டி, "அவர் செய்தது அசலாயிட்டுண்டு" என்றார்; பிரமாதம் என்று அர்த்தம். "சேட்டன் செய்தது எப்படி இருந்தது?" என்று டிரைவரைக் கேட்டார்.

டிரைவர் யோசித்தார். "சா... சார் திக்குனது சினிமாவுல காமெடிக்காரங்க திக்குத மாதிரி இருந்துச்சு. நாங்க அ... அப்படித் திக்க மாட்டோம்."

அக்கா பதில் சொல்லவில்லை. அன்று அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அந்த வார இறுதியில் டிரைவர் ஊருக்குப் போனார். பெண்ணின் அப்பாவைப் பார்க்கும் நாள் என்று தெரியும். நான் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, சம்பந்தமில்லாத ஒரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததாக மனைவி சொல்கிறாள். மத்தியானம் மணி அடித்தது.

"சார், கே... கேட்டுட்டேன். அண்ணனை வெ... வெளியிலயே நிறுத்திட்டுத்தான் போனேன். பொண்ணு பேரைச் சொல்லும்போது ரொம்ப நேரம் வ... வரல. விடலையே நான். அவுக சரின்னுட்டாக. தை மாசம்."

எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். ஒரு மாணவனின் முதல் வெற்றி. "என்ன சொன்னாரு அவரு? நம்ம சிகிச்சையைப் பத்தி ஏதாவது?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் தயக்கம். இது திக்கல் அல்ல, வெறும் தயக்கம். வித்தியாசம் எனக்கு இப்போது தெரியும்.

"அக்கா ஏற்கெனவே போன் பண்ணி எ... என்னமோ சொல்லிருக்கு சார். அவுக என்னையத் தோள்ல தட்டி, 'சித்தூர்ல வா... வாதம் வந்து வாயடைச்சுப் போன ஒரு புரொபசரையே நீங்க பேச வச்சீங்களாமே மாப்ள, உங்களுக்குப் பொண்ணு குடுக்க என்ன யோசனை' அப்படின்னாக. நா... நானும் இல்லைன்னு சொல்லல சார்."