ஆறடிக் குள்ளர்

தண்ணீர் பாட்டில் மூடியைத் தாளில் கவிழ்த்து, பென்சிலால் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார் குள்ளர். ஒரு வட்டம் ‘ஓடுகிறது’, அடுத்தது ‘காத்திருக்கிறது’, மூன்றாவது ‘நின்றுவிட்டது’. வட்டத்திலிருந்து வட்டத்துக்கு அம்பு. அம்பின் பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம். அதைச் சைபராக்கி மறுபடி ஓடவிட வேண்டிய இடத்தில் சிவப்புப் புள்ளி. இதையெல்லாம் கணினியிலேயே வரையலாம். ஆனாலும் முதல் படம் மூடியில்தான். மேலாளர் அம்மாள் ஒரு முறை மேசையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அந்த மூடியைக் குப்பையில் போட்டுவிட, அன்று அரை நாள் வேலை நடக்கவில்லை.

ஆள் ஆறடிக்கு மேல். கதவில் குனிந்துதான் நுழைவார். “மீட்டிங் சீக்கிரம் ஆரம்பிச்சிடும் சார்” என்றால், “எத்தனை நிமிஷத்துக்குள்ள?” என்பார். “லிஃப்ட் இப்ப வந்துடும்” என்றால், “எத்தனை செகண்டுக்குள்ள?” அந்தக் ‘குள்ள’ பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நேரே அவரிடமே வந்து, “இங்க குள்ளர் யாரு சார்?” என்று விசாரிப்பதும் உண்டு. “நான்தான்” என்று எழுந்து நிற்பார். எழுந்துகொண்டே இருப்பார்.

அவர் செய்வது ஒரு வகை மொழிபெயர்ப்பு. மனிதர்கள் சொல்வதை வாங்கி, ‘இது நடந்தால் இத்தனை நேரத்துக்குள் அது நடந்தே தீர வேண்டும்’ என்கிற தர்க்கச் சூத்திரமாக்குவார். பிறகு சூத்திரத்தை வட்டமும் அம்பும் கடிகாரமுமாக மாற்றுவார். அந்தப் படத்தையும் இயந்திரத்தின் படத்தையும் சேர்த்துக் கொடுத்தால், விதி எங்கே உடைகிறது என்று கணினி சந்து பொந்தெல்லாம் புகுந்து தேடும். கணினிக்குக் கோபமும் கிடையாது, அவசரமும் கிடையாது. குள்ளருக்கும் அப்படித்தான். மேலாளர் அம்மாளுக்கு இரண்டுமே நிறைய உண்டு.

ஏன் இருக்காது? நோயாளிகளுக்குச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் மருந்து ஏற்றும் பம்புகள் பெட்டிகளில் அடுக்கித் தயாராக இருக்கின்றன. நாளைக் காலை மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு விதிகளில் முந்நூற்றுப் பதினொன்றுக்குக் கையெழுத்துப் போட்ட மனிதர், மிச்சமிருக்கும் ஒன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறார். வார்டின் தலைமை நர்ஸ் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வாங்கிய விதி அது: ‘குழாயில காத்து வந்தா ரெண்டு செகண்டுல பம்பு நிக்கணும்.’

“இதுல என்ன சார் உங்களுக்குப் புரியல?”

“அந்த ‘ல’ புரியல மேடம்.”

“‘ல’வா?”

“ரெண்டு செகண்டு ஆனதும் நிக்கணுமா, ரெண்டு செகண்டுக்குள்ள நிக்கணுமா? ரெண்டையும் வரைஞ்சு பாத்துட்டேன். ஒண்ணுல பாஸு, இன்னொண்ணுல ஃபெயிலு. மூணு தடவை மெயில் போட்டேனே.”

போட்டிருந்தார்தான். தலைப்பில் ‘ல’ என்று மட்டும் இருந்தது. கைதவறி வந்த மெயில் என்று அம்மாள் திறக்கவே இல்லை.

“அஞ்சு நிமிஷத்துல வரேன்னு சொன்னா புரியாதா சார் உங்களுக்கு?”

“புரியாது. உங்க வீட்டுக்காரர் அப்படிச் சொன்னா எப்ப வருவார்?”

அவர் எப்போது வருவார் என்பது அம்மாளுக்கு நன்றாகவே தெரியும். அதனாலேயே எரிச்சல் தலைக்கேறியது. ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு மனிதர் உயிரை வாங்குகிறாரே! “இருங்க, உங்க முன்னாடியே கேக்கறேன்” என்று நர்ஸுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் அழுத்தினார். குள்ளரின் மூக்கு உடைபடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

“என்ன மேடம் கேள்வி இது?” என்றது நர்ஸின் குரல். “ரெண்டு செகண்டுக்குள்ள நிக்கணும். அதுக்கு மேல ஓடினா காத்து ரத்தத்துக்குப் போயிடும். பொறுமையா நிக்கறதுக்கா மெஷின் கேட்டோம்?”

குள்ளர் கணினியை அம்மாளின் பக்கம் திருப்பினார். திரையில் ஒரே ஒரு வழி சிவப்பில் இருந்தது. குழாயில் காற்று வந்ததும் கடிகாரம் சைபர். நிஜமாகவே காற்றுதானா என்று பம்பு முழுசாக இரண்டு வினாடி காத்திருக்கிறது. அதன் பிறகுதான் நிற்கத் தொடங்குகிறது. நின்று முடிக்கும்போது கடிகாரம் இரண்டு புள்ளி நான்கு. பம்புக்கு நிரல் எழுதியவர்கள் அந்த ‘ல’வை ‘ஆனதும்’ என்று படித்திருந்தார்கள்.

அம்மாள் திரைக்கு அருகில் குனிந்து அந்த எண்ணை இன்னொரு முறை படித்தார். மூன்று நாளாக அவர் கையெழுத்துக் கேட்டு நச்சரித்தது இதற்குத்தான்.

“முன்னாடியே தப்புன்னு சொல்லியிருக்கலாமே சார்!”

“எது சரின்னு தெரியாம, தப்புன்னு எப்படி மேடம் சொல்றது?”

இந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

போனில் நர்ஸ் இன்னும் இருந்தார். “அப்ப நாளைக்கு வராதா? பழைய பம்பை நம்ப முடியாம, ஒவ்வொரு கட்டில்கிட்டயும் ஒரு ஆளை உக்கார வெச்சிருக்கேன். எப்பத்தான் தருவீங்க?”

“ரெண்டு நாளுல...” என்று ஆரம்பித்தார் அம்மாள்.

எதிரே பென்சில் நின்றது. குள்ளர் நிமிரவும் இல்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

அம்மாள் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். “வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள்ள” என்றார்.

குள்ளர் புதிதாக ஒரு தாளை எடுத்து, மூடியைக் கவிழ்த்து வட்டம் போட்டார். பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம் வரைந்து, சிவப்புப் புள்ளி வைத்தார்.