அவர் பெயரில் என் விரல்கள்

எங்கள் மருத்துவமனைக்கு அறுவை செய்யும் ரோபோ வந்த வாரம், திருப்பூர்ப் பெருந்தலைகள் வரிசையாக வந்து அதன் நான்கு கைகளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் அறுவை அரங்கின் மூத்த செவிலி. கத்திரி, ஊசி, நூல், ரத்தம், மறுபடி நூல் என்று இருபத்திரண்டு வருடம். யாரும் என்னோடு படம் எடுத்ததில்லை. போகட்டும்.

அந்த எந்திரத்தில் நோயாளியைத் தொடுமுன், மருத்துவர் பயிற்சித் திரையில் இருபது மணிநேரம் பழக வேண்டும். வளையம் கோக்க வேண்டும், ஊசி கடத்த வேண்டும், முடிச்சுப் போட வேண்டும். ஒவ்வொன்றிலும் தொண்ணூறு மதிப்பெண் எடுத்தால்தான் பச்சை விழும். எங்கள் தலைமை மருத்துவருக்கு ஏது நேரம்? வெள்ளகோவிலிலிருந்துகூட அவர் பெயர் சொல்லி ஆள் வரும்.

"சிஸ்டர், உங்களுக்குத்தான் கை சும்மா இருக்காதே. என்ற பாஸ்வேர்டுல உக்காந்து முடிச்சு உட்ருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். சொல்ல நாக்கூசுகிறது, பிடித்தும் இருந்தது. சாப்பாட்டு வேளைகளில், யாருமில்லாத அறையில், எந்திரத்தின் பார்வைத் துளைகளில் கண்களைப் பதித்தால் உலகம் கழன்றுவிடும். என் விரல் அசைய, திரைக்குள் உலோக விரல் அசையும். ஆனால் நூலின் இறுக்கம் கைக்குத் தெரியாது. கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டும். முதல் வாரம் முழுக்க நூலை அறுத்தேன். பிறகு அறவில்லை. அவர் பெயருக்கு நேரே பச்சை, பச்சை, பச்சை. சான்றிதழும் வந்தது.

முதல் நோயாளி, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பித்தப்பையில் கல். ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். பேனாவை வாங்கியவள் நிமிர்ந்தாள்.

"யக்கா, டாக்டர் இந்த மிஷின்ல நல்லாப் பழகியிருக்காவளா?"

"இரு கண்ணு, வர்றேன்" என்று மருத்துவர் அறைக்கு ஓடினேன்.

"சார், கேஸத் தள்ளி வைங்க. அதுல நீங்க ஒரு முடிச்சுக்கூடப் போட்டதில்லீங்க."

"ஏனுங்க சிஸ்டர், பதினெட்டு வருசமா வகுத்துக்குள்ள வேல செய்யறவனுக்கு அந்த வீடியோ கேம் எதுக்குங்க? துணி வாங்கற வெளிநாட்டு பையருங்க ஆடிட்டுக்கு வந்தா கம்பெனில எல்லாருக்கும் மாஸ்க் குடுத்துட்டு, அவங்க கார் ஏறுனதும் திருப்பி வாங்கறதில்லீங்களா? அந்த மாதிரிதானுங்க" என்று சிரித்தார்.

முகமூடியாம்! பஞ்சுத் தூசிக்கு நெஞ்சைக் கொடுத்து நிற்பவர்களிடமிருந்து திரும்பப் பிடுங்கிய முகமூடியை, அவர்களில் ஒருத்தியின் வயிற்றுக்கே உவமை சொல்கிறார்.

"அப்ப ஆபரேசனையும் நானே பண்ணிப்போடட்டுங்களா சார்? மார்க்கு நான் எடுத்ததுதானுங்களே."

சிரிப்பு நின்றது. "உங்க வேலையப் பாருங்க சிஸ்டர்."

பார்த்தேன். அந்தப் பெண்ணின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கை நல்ல கை, ஆனால் இதில் பழகாத கை, பழகியது நான்.

"நீங்களாக்கா? நல்லாருக்கு கத" என்றாள். வலியோடு எழுந்து உட்கார்ந்தாள். "எங்க லைன்ல புது டெய்லர் வந்தா வேஸ்ட் துணியில ஓட்டிப் பாத்துட்டுத்தான் ஆர்டர் பீஸக் குடுப்பாவ. நான் என்ன வேஸ்ட் துணியா?"

படிவத்தின் அடியில் தன் கையாலேயே 'மிஷின் வேண்டாம், பழைய முறையில் செய்தால் போதும்' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

மருத்துவர் படித்தார். என்னைப் பார்க்கவில்லை. "லேப்ராஸ்கோப்பி செட்ட எடுத்து வைங்க." சின்னத் துளைகள் வழியே தன் கையால் கருவி பிடித்துச் செய்கிற, அவருக்குப் பழகிய முறை.

எப்படிச் செய்தார் தெரியுமா? நீரில் மீன் திரும்புவதுபோல, ஒரு அசைவு வீணில்லாமல். அதுதான் இன்றுவரை என் ஆத்திரம். இந்தக் கைக்கு இருபது மணிநேரம் மாணவனாக உட்கார என்ன கேடு?

உடுப்பு மாற்றியதும் நேராக நிர்வாக மேலாளரிடம் போனேன். அந்த மதிப்பெண்கள் என்னுடையவை, அழியுங்கள் என்றேன்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே சிஸ்டர்?"

"ஆகறதுக்கு முந்தி அழிங்க."

முனகிக்கொண்டே அழித்தார். பச்சையெல்லாம் போய்த் திரை வெளுத்தது. எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் மருத்துவருக்குப் போன் போட்டுவிட்டார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க சார். வேற ஒரு சிஸ்டர உக்கார வெச்சு முடிச்சுக்கலாமுங்க."

கதவைத் தள்ளித் திறந்துகொண்டு மறுபடி உள்ளே போனேன்.